ஆளைக் கூப்பிட்ட விசில்

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் ஒருவர், இறுக மூடிய பாத்திரத்தில் எலும்பைப் போட்டு அது வெண்ணெய்போல் குழையும்வரை வேகவைத்துக் காட்டினார். பாத்திரம் வெடித்துவிடாமலிருக்க ஆவியை வெளியே விடும் ஒரு வால்வையும் அவரே செய்தார். அறிஞர் பெருமக்களை அழைத்து அதில் விருந்து வைத்தார். கடைசியில் வறுமையில் இறந்துபோனார், அவரை எங்கே புதைத்தார்கள் என்பதுகூட நெடுங்காலம் யாருக்கும் தெரியாமலிருந்தது. இவ்வளவும் புத்தகங்களில் இருக்கிறது. அந்த விருந்து நடந்த மாலையில் அவருக்காக யாராவது சாப்பிடாமல் காத்திருந்தார்களா என்பது மட்டும் இல்லை. கண்டுபிடிப்புகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அடுப்படிப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை, அங்கே அவர்களுக்குக் கண் எரியும். அதனால்தான், கோயம்புத்தூரில் சிங்காநல்லூருக்கு அப்பால் ஒரு மில் காலனியில் சென்னியப்பன் என்கிற லேத் பட்டறைக்காரர் செய்த குக்கர் விசிலைப் பற்றியும் அது அந்தக் காலனியைப் படுத்திய பாட்டைப் பற்றியும் எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது.

சென்னியப்பனின் மனைவி தெய்வாத்தாள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நூல் மில்லில் வேலை பார்த்தவள். ஸ்பின்னிங் பிரிவில் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே பெண்கள் உதட்டாலும் விரலாலும்தான் பேசிக்கொள்வார்கள். மில் கதவைச் சாத்தியபோது அவர்கள் எல்லோரும் காதைப் பாதி அங்கேயே விட்டுவிட்டு, அந்த விரல் பேச்சை மட்டும் கையோடு கொண்டு வந்தார்கள். மெஷின் சத்தம் மெல்லிய ஒலிகளைத்தான் முதலில் தின்னும். தெய்வாத்தாளுக்கு முதலில் கொசுவின் சத்தம் போயிற்று, அதற்காக அவள் வருத்தப்படவில்லை. அப்புறம் குருவிச் சத்தம் போயிற்று, வளையல் சத்தம் போயிற்று, கடைசியில் குக்கர் விசில் போயிற்று. லாரி, இடி, நேரத்துக்கு ஊதும் ஊர்ச் சங்கு, கணவனின் கட்டைக் குரல் போன்ற கனத்த ஒலிகள் மட்டும் மிச்சமிருந்தன.

ஒருநாள் பருப்பு கருகி, சேஃப்டி வால்வு உருகி, கூரைவரை மஞ்சளாகத் தெறித்தது. சுவரைத் துடைத்துக்கொண்டே தெய்வாத்தாள் சிரித்தாள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. விசிலடிக்கும் வெயிட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த விசில் கீச்சுன்னு கத்துது. அதான் உனக்குக் கேக்கறதில்ல. சங்கு மாதிரி கனமாக் கத்துனாக் கேக்கும். நான் செஞ்சு தர்றேன்."

"இதுக்குப்போயி எதுக்குங் புதுசா ஒண்ணு செய்யோணும்? நீங்க பக்கத்துல உக்காந்துட்டு, மூணு ஆச்சுன்னு வெரலக் காட்டுனாப் போதாதுங்களா? நான் அடுப்ப நிறுத்திக்கறேன்."

"அதுக்கு ஒரு ஆளா?" என்றார் சென்னியப்பன்.

உலகத்தின் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் இந்த மூன்று சொற்களில்தான் தொடங்கியிருக்கும். வாசலில் நின்று கூப்பிட ஓர் ஆளா என்று கேட்டவன் அழைப்புமணி செய்திருப்பான், காலையில் தட்டி எழுப்ப ஓர் ஆளா என்று கேட்டவன் அலாரம் வைத்திருப்பான். ஓர் ஆள் செய்யவேண்டியதைச் செய்ய ஒரு பொருள் வந்துவிட்டால் அந்த ஆள் வேறு எங்காவது போய் இருந்துகொள்ளலாம். சென்னியப்பன் பட்டறைக்குப் போய் இருந்துகொண்டார்.

ஒரு மாசம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் சங்கின் கனத்தைச் சுண்டுவிரல் அளவுப் பித்தளைக்குள் கொண்டுவருவது லேசான வேலையல்ல. துளையைப் பெரிதாக்கினால் ஆவி சும்மா புஸ்ஸென்று போயிற்று, சிறிதாக்கினால் கீச்சிட்டது, தலைக்குமேல் குழிவான குமிழ் ஒன்றை வைத்தபோது ஆந்தைபோல் அலறியது, குமிழை நீட்டியபோது இருமியது. கூலி வேலைகளைப் பகலில் முடித்துவிட்டு அப்புறம் விசிலில் உட்காருவார். வருஷங்கள் போயின. வீட்டில் தெய்வாத்தாள் சமைத்து, குக்கரை மூடியபடியே வைத்து, அதன் பக்கத்திலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். சூடு ஆறிய பிறகு அவர் வருவார். அவள் மறுபடி சுடவைப்பாள். "ஆறுன சோத்த நான் தின்னுக்கறேன், நீ முன்னாடியே சாப்புட்டுப் படு" என்று அவர் சொன்னதெல்லாம் அவள் காதில் விழவேயில்லை; விழுந்திருந்தாலும் விழாதவள்போலத்தான் இருந்திருப்பாள்.

ஒன்று சொல்லவேண்டும். பட்டறைக்காரர்கள் எல்லோரையும்போல சென்னியப்பனும் விசிலைத் தண்ணீரில்தான் சோதித்தார். குக்கரில் பாதி தண்ணீர், மூடி, வெயிட், ஸ்டவ், அவ்வளவுதான். தெய்வாத்தாள் ஒருமுறை மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்தவள், வரிசையாகக் கொதிக்கும் குக்கர்களைப் பார்த்துவிட்டு, "ஒரு தடவயாச்சும் அரிசியப் போட்டுப் பாருங்" என்றாள்.

"ஆவிக்குத் தெரியுமா, உள்ள அரிசி இருக்குதா கல்லு இருக்குதான்னு?" என்றார் அவர்.

அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் ஒரு வெயில் மதியத்தில் அந்தச் சத்தம் வந்தது. கனமாக, வட்டமாக, நெஞ்சுக்கூட்டில் போய் மோதுகிறமாதிரி. சென்னியப்பன் அதேபோல் இன்னும் சில விசில்களைக் கடைந்து எல்லா ஸ்டவ்களிலும் ஒரே சமயத்தில் ஏற்றினார், பட்டறை முழுவதும் மாட்டுத் தொழுவம்போல் முழங்கியது, அந்த முழக்கத்தில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்று அவரைப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்கவில்லை. அந்த ஆள் உள்ளே வந்து தோளைத் தொட்டார். வீட்டில் தெய்வாத்தாள் அடுப்புக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தாள், நெஞ்சு நின்றிருந்தது. குக்கர் தன் பழைய கீச்சுக் குரலில் கத்தி ஓய்ந்து, பருப்பு கருகி, அந்த வாடையைப் பிடித்துத்தான் பக்கத்து வீட்டு மயிலாத்தாள் ஓடிவந்து அடுப்பை நிறுத்தியிருந்தாள். சென்னியப்பன் அப்போதுதான் ஸ்டவ்விலிருந்து எடுத்த விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார். அது வழியெல்லாம் நெஞ்சைச் சுட்டது. வீடு போய்ச் சேரும்வரை அதை எடுத்தெறிய அவருக்குத் தோன்றவில்லை. இடப்பக்கம் நாலணா அளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது.

கருமாதிக்கு வந்தவர்களுக்குச் செத்தவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சென்னியப்பன் விசில் கொடுத்தார். ஒவ்வொன்றின் வயிற்றிலும் 'தெய்வாத்தாள் நினைவாக' என்று வெட்டியிருந்தது. சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள், மில்லில் கூட வேலை பார்த்த பெண்கள் மட்டும் அதைக் கையில் உருட்டிப் பார்த்து, ஒருவரையொருவர் பார்த்து, விரலால் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

முதலில் கூப்பிட்டது மயிலாத்தாள் வீட்டு விசில்தான். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து கனத்த குரலில், இழுத்து, "குணா…" என்று வந்தது. குணா அவள் மகன், ஷார்ஜாவில் இருந்தான். மயிலாத்தாள் ஈரக் கையோடு போய் வாசற்கதவைத் திறந்து பார்த்தாள். யாருமில்லை. மறுபடி "குணா…" என்றது அடுப்படி. அவள் உள்ளே போய் மூன்றாவது கூப்பாட்டுக்கு அடுப்பை நிறுத்தினாள். அன்றைக்குச் சோறு சரியான பதத்தில் வெந்திருந்தது என்பதையும் குறிப்பிட்டாகவேண்டும்.

அடுத்தடுத்த நாட்களில் காலனி முழுவதும் கூப்பிட ஆரம்பித்தது. ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்த மகளை, ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டு போன தம்பியை, ஒரு வீட்டில் செத்துப்போன நாயை. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கூப்பாட்டை ஒரு விசிலாகக் கணக்கு வைப்பதா, நீளமான பெயராக இருந்தால் அரை விசில் சேர்த்துக்கொள்வதா என்பதில்தான் இரண்டு கட்சி இருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் கூப்பிடும்போது ரேடியோவைக் கூட்டி வைப்பது மரியாதை என்றாயிற்று, ரேடியோ இல்லாதவர்கள் இருமினார்கள். ரேஷன் கடை வரிசையில் இப்படிப் பேச்சு நடந்தது:

"நேத்து உங்கூட்டுல யாரக்கா?"

"எங்க மாமியாரு."

"அவங்கதா உங்களோடயே இருக்கறாங்களே?"

"இருக்கறாங்க. எங்கூடப் பேசித்தா வருசக்கணக்காச்சு."

ஓய்வுபெற்ற சூப்பர்வைசர் ஒருவரின் வீட்டில் குக்கர் "லூர்து" என்று கூப்பிட்டது, அந்தப் பெயரில் அவருக்கு உறவில்லை, அவர் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, அன்று முதல் திறந்த பாத்திரத்தில் சோறு வடிக்கலானாள். பெண் பார்க்க வந்தவர்கள் காபி போதும் என்பதை விட்டுவிட்டு, சாப்பிட்டே போகிறோம் என்றார்கள். சோறு வேகும்வரை இரண்டு தரப்பும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விவரமான பெண் வீட்டார் புதுக் குக்கர் வாங்கி வைத்தார்கள். புதுக் குக்கர் யாரையும் கூப்பிடாது, சும்மா முழங்கும். நெளிந்து, அடி கறுத்து, வருஷக்கணக்கில் உழைத்த குக்கர்கள்தான் கூப்பிட்டன. அவற்றில் ஆக்கிய சோறு யாருக்காக அதிகம் காத்திருந்ததோ அவரை அந்த வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிட்டன. இது எப்படித் தெரிந்தது என்றால், ஒரு வீட்டில் சந்தையில் பழைய குக்கர் ஒன்றைச் சல்லிசாக வாங்கி வந்தார்கள், அது தினமும் "செல்வி" என்றது. அவர்கள் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் செல்வி கிடையாது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தினமும் ஒரு கரண்டிச் சோற்றைச் செல்விக்கென்று தனியே எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு அந்தக் குக்கரின் குரலில் கொஞ்சம் நிதானம் வந்ததாகச் சொன்னார்கள்.

இதையெல்லாம் நம்பாத ஒரே ஆள் சென்னியப்பன். நம்பவில்லை என்பதைவிட அவமானப்பட்டார் என்பதே சரி. விசில் என்றால் விசிலடிக்கவேண்டும், பேசினால் அது பழுது. மயிலாத்தாளின் விசிலைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்ப் பட்டறையில் ஏற்றி, எருமைபோல் அது முழங்குவதை நின்று கேட்டுவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"ஒரு கொறையும் இல்லீங்க. நல்லாத்தா இருக்குது."

"எதுல வெச்சுப் பாத்தீங்ணா?"

"தண்ணியிலதா."

"தண்ணிக்கு யாருங்ணா காத்துட்டு இருப்பாங்க?" என்றாள் மயிலாத்தாள். "சோத்தப் போட்டுப் பாருங்."

"ஆவிக்குத் தெரியுமா…" என்று ஆரம்பித்தவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். சொல்லின் மிச்சம் வாய்க்குள் கிடந்தது. இந்தப் பேச்சின் இதே இடத்தில் முன்பும் ஒருமுறை நின்றிருக்கிறோம் என்பது கால்களுக்குத் தெரிந்தமாதிரி அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"எல்லார் ஊட்டுக்கும் குடுத்தீங்க. உங்கூட்டுல மாட்டிப் பாத்தீங்களா?"

அவர் வீட்டில் அடுப்பே எரியவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் உள்ளே போய் ஒரு குக்கரைக் கொண்டுவந்து வைத்தாள். தெய்வாத்தாளுடையது. அவள் செத்த அன்றைக்கு, தேய்த்துத் தருகிறேன் என்று எடுத்துப்போன மயிலாத்தாள் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் வைத்திருந்தாள். உள்ளே அடியில் வட்டமாக ஒரு கறுப்பு.

"எத்தன தேச்சும் போகலீங்ணா. தெய்வாத்தாக்கா பேர ஒரு தடவயாச்சும் அது கூப்புடட்டும். நாங்களும் கேக்கறோம்."

சென்னியப்பன் அதை வாங்கிக்கொண்டுபோய்ப் பரண்மேல் வைத்தார். அவருக்கு இரண்டு பயம் இருந்தது. அது "தெய்வாத்தா" என்று கூப்பிட்டால், அவர் குரலில், அவர் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டால், வரமுடியாத ஒருத்தியைத் தினமும் மூன்றுமுறை கூப்பிடுகிற வீட்டில் அவரால் இருக்கமுடியாது. கூப்பிடாமல் வெறுமனே முழங்கினால், அவள் அந்த வீட்டில் இல்லை என்பதை அடுப்படிகூட கவனிக்கவில்லை என்றாகும். அதை அவரால் இன்னும் தாங்கமுடியாது. இரண்டுக்கும் நடுவில் மெஸ் இருந்தது.

ஆனால் அமாவாசைக்குப் படையல் போடவேண்டும். மெஸ் சோற்றைச் செத்தவளுக்குப் படைக்கமுடியாது. அவர் குக்கரை இறக்கினார். அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், அந்த அலமாரியில் அவருக்குத் தெரிந்த பொருள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கடைசி டப்பாவைத் திறக்கும்போது உணர்ந்தார். பருப்பை அடியில் போட்டு, மேலே அரிசிக் கிண்ணத்தை வைத்து, தண்ணீர் எவ்வளவு என்று மயிலாத்தாளிடம் போய்க் கேட்டார். அவள் தன் விரலில் ஒரு கணு அளவைக் காட்டினாள். அவர் திரும்பிப் போவதைப் பார்த்து, தெருவுக்கு விரலாலேயே செய்தி சொன்னாள்.

ரேடியோக்கள் நின்றன. அதுவரை மரியாதைக்காக ரேடியோ போட்ட காலனி, அன்றைக்கு மரியாதைக்காகவே நிறுத்தியது. வெயில் உச்சியில் நின்றது. பெண்கள் சுவரோரம் வந்து உட்கார்ந்தார்கள், ஆண்கள் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள், எல்லோரும் தெய்வாத்தாளின் பெயருக்காகக் காத்திருந்தார்கள்.

சென்னியப்பன் தான் கடைந்த விசிலை மாட்டிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல், அவள் பலகை கிடந்த இடத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரிந்தது. வருகிறவர் தெருமுனை திரும்பும்போதே தெரியும். இந்த வீட்டில் இத்தனை காலம் இருந்தும் இந்த இடத்திலிருந்து வாசலை அவர் பார்த்ததில்லை.

குக்கர் முனகியது. வெயிட் ஒருமுறை ஆடியது. பிறகு கனமாக, வட்டமாக, நெஞ்சின் தழும்பில் வந்து மோதுகிறமாதிரி அது கூப்பிட்டது:

"ஏனுங்…"

தெருவில் நாலைந்து ஆண்கள் தலையைத் திருப்பித் தங்கள் வீட்டைப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. எல்லாப் புருஷர்களுக்கும் அந்த ஒரே பெயர்தான். யாருடைய வீட்டுக் குக்கர் என்று ஒரு கணம் குழம்பியவர்கள் பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சென்னியப்பன், அது அவளைக் கூப்பிடும் என்று பயந்திருந்தார், கூப்பிடாது என்றும் பயந்திருந்தார். தன்னைக் கூப்பிடும் என்று அவர் நினைக்கவேயில்லை. அந்தக் குக்கரில் ஆக்கிய சோறு ஆறி ஆறிக் காத்திருந்தது யாருக்காக என்பதை அவர் மட்டுமல்ல, அந்தத் தெருவே அதுவரை யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

"வந்துட்டேன்" என்றார்.

"ஏனுங்…" என்றது மறுபடி.

அவளுக்குக் காது கேட்காதே என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பலகையை அடுப்புக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவளுக்குக் கேட்கிற அந்தக் கட்டைக் குரலில், "வந்துட்டேன் தெய்வாத்தா. இங்கதா உக்காந்திருக்கறேன்" என்றார்.

"ஏனுங்…"

மூன்று. சென்னியப்பன் கையை உயர்த்தி, அடுப்புக்கு முன்னால் அவள் நிற்கிற இடத்தைப் பார்த்து, மூன்று விரல்களைக் காட்டினார். அவ்வளவுதான் அவர் செய்யவேண்டியிருந்தது. அடுப்பை நிறுத்துவது அவள் வேலை. அவர் விரல்களை மடக்காமல் காத்திருந்தார். குக்கர் நான்காம் முறையும் கூப்பிட்டது, ஐந்தாம் முறையும் கூப்பிட்டது, அப்புறம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கை வலித்தபோது மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். தண்ணீர் வற்றி, பருப்பு அதே கறுப்பு வட்டத்தின்மேல் பிடிக்கத் தொடங்கி, வாடை வாசல் தாண்டித் தெருவுக்கு வந்தது.

மயிலாத்தாள் எழுந்து ஓடிவந்தாள். அடுப்படி வாசலில் நின்றாள், பலகையில் உட்கார்ந்திருந்தவரையும் உயர்ந்திருந்த கையையும் பார்த்தாள். உள்ளே வந்து, அடுப்புக்கு முன்னால் நின்று, அடுப்பின் குமிழைத் திருகி நிறுத்தினாள்.

"மூணு ஆச்சுங்களாண்ணா?" என்றாள்.

"எப்பவோ ஆச்சு" என்றார் சென்னியப்பன், கையை இறக்காமல்.